சீந்தில் குடிநீர்: எந்தக் கொடி, எத்தனை கிராம், எத்தனை நாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்துக் காய்ச்சல் பரவத் தொடங்கினால் நாளிதழ்களின் மருத்துவப் பகுதியில் சீந்தில் தவறாமல் வந்துவிடுகிறது. இதய வடிவ இலையின் படம் ஒன்று, அதன் கீழே நான்கு வரி: நோய் எதிர்ப்பாற்றல் தரும், சர்க்கரையைக் குறைக்கும், கல்லீரலைக் காக்கும், தினமும் குடிக்கலாம். எந்தச் சீந்தில், கொடியின் எந்தப் பகுதி, எத்தனை கிராம், எத்தனை நாள், யார் தொடவே கூடாது என்ற விவரம் அந்த நான்கு வரிகளில் இருப்பதில்லை. "தினமும் குடிக்கலாம்" என்ற கடைசி இரண்டு சொற்கள்தான் அதிகக் கெடுதல் செய்பவை. குறித்த நோய்க்கு, குறித்த அளவில், குறித்த காலம் கொடுக்கவேண்டிய மருந்தை முடிவே இல்லாத அன்றாடப் பானமாக மாற்றிவிடுவது அந்தச் சொற்கள்தான்.

சீந்திலின் மதிப்பைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. ஆயுர்வேதத்தில் குடூசி, அமிர்தா என்ற பெயர்களில் அது முதல் வரிசை மூலிகை. சரக சம்ஹிதை சொல்லும் நான்கு மேத்ய ரசாயனங்களில், அதாவது அறிவாற்றலை வளர்க்கும் மருந்துகளில், குடூசியின் சாறும் ஒன்று. நாட்பட்ட காய்ச்சல், வாதரத்தம் எனப்படும் மூட்டு வீக்கம், மதுமேகம், தோல் நோய்கள், காமாலை ஆகியவற்றில் அதன் இடம் பழமையானது. சஹஸ்ரயோகம் என்ற ஆயுர்வேத நூலின் மரபில் வரும் அம்ருதோத்தரம் கஷாயத்தில் சீந்தில் 6 பங்கு, கடுக்காய் 4 பங்கு, சுக்கு 2 பங்கு. அம்ருதாரிஷ்டம், கைசோர குக்குலு ஆகியவற்றிலும் அதுவே முதன்மைச் சரக்கு. சித்த மருத்துவத்தில் கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதற்கு ஏன் அழுத்தம் கொடுக்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

நவீன முறை ஆய்வுகளும் இருக்கின்றன. ஒவ்வாமை மூக்கடைப்பு உள்ள 75 பேரிடம் எட்டு வாரம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், சீந்தில் சத்து எடுத்தவர்களுக்குத் தும்மலும் நீர்க்கோப்பும் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாகக் குறைந்தன. தண்டில் பெர்பெரின், பால்மட்டைன், மேக்னோஃப்ளோரின் போன்ற காரச்சத்துகளும், கசப்பு தரும் டைடெர்பீன்களும், நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் கூட்டுச்சர்க்கரைகளும் உள்ளன. எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுவது உண்மை என்றால், தூண்டப்படக் கூடாதவர்களிடமும் அது அதே வேலையைத்தான் செய்யும். பலனுக்கும் பாதிப்புக்கும் காரணம் ஒரே குணம்தான். பலனை மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி உண்மை.

பாதிப்பு வெளிப்பட்டது கொரோனா காலத்தில். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் கல்லீரல் அழற்சியோடு வந்ததையும், அவர்கள் அனைவரும் சீந்தில் எடுத்திருந்ததையும் கல்லீரல் நிபுணர்கள் 2021இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதே ஆண்டு ஜூலையில் மறுப்பு வெளியிட்டது: நோயாளிகள் சாப்பிட்டது உண்மையான சீந்தில்தானா என்று பகுத்துப் பார்க்கவில்லை, அதைப்போலவே தோன்றும் இன்னொரு கொடியாகவும் இருக்கலாம் என்பது அதன் வாதம். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. சீந்தில் எடுக்கத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை ஆன காலத்தின் இடைநிலை 46 நாள். பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பலரிடம் தன்னுடல் தாக்குநோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்தன. திசு ஆய்விலும் அதே சாயல். உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் கல்லீரலையே தாக்கும் நோய் சிலரிடம் வெளியே தெரியாமல் உறங்கிக் கிடக்கும். அதைச் சீந்தில் எழுப்பிவிட்டிருக்கலாம் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

லட்சக்கணக்கானோர் குடித்ததில் இது மிகச் சிலருக்கே நேர்ந்தது. அதனால் சீந்திலை நஞ்சு என்று சொல்வது தவறு. அந்தச் சிலர் யாராக இருக்கலாம் என்பது ஓரளவு தெரிந்த பிறகும் அதைச் சொல்லாமல் "பக்கவிளைவே இல்லாதது" என்று அச்சிடுவது அதைவிடப் பெரிய தவறு.

கொடியை அடையாளம் காணுவதிலிருந்தே தொடங்க வேண்டும். மருந்துக்கு உரியது டினோஸ்போரா கார்டிஃபோலியா. அதன் இலையில் இருபுறமும் ரோமம் இருக்காது. தடவினால் வழவழப்பாக இருக்கும். இளந்தண்டு பச்சை. முற்றிய தண்டின் மேல் காகிதம் போன்ற மெல்லிய தோல் சாம்பலும் வெளிர்பழுப்புமாக உரியும்; உரித்தால் உள்ளே பச்சை தெரியும். குறுக்கே வெட்டினால் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலிருந்து கோடுகள் விரியும். பழம் உருண்டை, பழுத்தால் சிவப்பு. பூவிதழ் ஆறு.

இதோடு குழப்பப்படுவது டினோஸ்போரா கிரிஸ்பா. தென்கிழக்கு ஆசியாவில் மிகுதியாக வளர்வது. அதன் தண்டு சாம்பல் நிறம். முழுக்க முழுக்கச் சிறு முடிச்சுகள் புடைத்திருக்கும். வெட்டினால் பால் கசியும். பூவிதழ் மூன்று. பழம் நீள்வட்டம், ஆரஞ்சு நிறம். இந்தக் கொடியால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் கொரோனாவுக்கு முன்பே உண்டு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மைச் சீந்திலின் முற்றிய தண்டிலும் காற்றுத்துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகச் சற்று மேலெழும்பித் தெரியும். புள்ளியைப் பார்த்ததும் கிரிஸ்பா என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. முடிச்சைப் பார்த்தும் முற்றல் சீந்தில் என்று எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. எனவே ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. தண்டு, பால், இலை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கசப்பை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதும் நடக்காது, இரண்டும் கடுங்கசப்பு. பொற்சீந்தில் என்ற பெயரில் வழங்கும் டினோஸ்போரா சைனென்சிஸ் மூன்றாவது. அதன் இலையின் அடிப்புறமும் இளந்தண்டும் மென்ரோமத்தோடு இருக்கும். சித்த மருத்துவத்தில் அதற்கெனத் தனி இடம் உண்டு. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போட முடியாது.

காய்ந்து துண்டாகிவிட்ட பிறகு இலையும் இல்லை, பூவும் இல்லை, பாலும் இல்லை. பொடியாகிவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே தூளாக வாங்குகிறவர்கள் தாவரப் பெயர், பயன்பட்ட பகுதி, தொகுதி எண், மருந்து உரிம எண் நான்கும் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குவது நல்லது. சாலையோரத்தில் படர்ந்த கொடியை வெட்டுவதும் வேண்டாம். சாலைத் தூசியிலுள்ள ஈயமும், வேலியில் தெளித்த பூச்சிமருந்தும் கழுவினால் முழுதாகப் போகாது. மூலிகை மருந்துக்கு அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. வீட்டில் வெட்டிக் காய்ச்சுவதை எவரும் அப்படிச் சோதிப்பதில்லை.

அடுத்தது பகுதி. மருந்து தண்டு. இலைப்படம் போட்டுப் போட்டு, இலையை அரைத்துக் குடிப்பதுதான் முறை என்று பலர் நினைத்துவிட்டார்கள். நூல்களில் சொன்ன அளவு தண்டுக்குச் சொன்னது. அதை அப்படியே இலைக்குப் பொருத்த முடியாது. தண்டிலும் கட்டைவிரல் பருமனுள்ள முற்றியது வேண்டும். கோடையில் எடுப்பது மரபு. பென்சில் பருமனான கொழுந்துத் தண்டில் நீர்தான் அதிகம்.

இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் தரும் அளவு: தூளாக என்றால் நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம், குடிநீருக்கு என்றால் 20 முதல் 30 கிராம் தண்டு. இந்த இரண்டு எண்களையும் மாற்றிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. குடிநீரில் சக்கையை வடித்து எறிந்துவிடுகிறோம், தூளில் முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. 20 கிராம் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது நூல் அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல். வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வரும்.

குடிநீர் செய்யும் விதம்: 10 கிராம் தண்டை எடுத்து மேல்தோலைச் சுரண்டி நீக்கி, கழுவி, ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். நைய அரைத்தால் மாவுச்சத்து கலங்கி அடிப்பிடிக்கும், வடிகட்டவும் வராது. 160 மி.லி. தண்ணீர் ஊற்றி, மூடாமல், சிறுதீயில் 40 மி.லி. ஆகும்வரை காய்ச்சி வடிக்க வேண்டும். மூடிக் காய்ச்சினால் நீர் வற்றாது. பெருந்தீயில் வைத்தால் சத்து இறங்குவதற்கு முன் வற்றிவிடும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் நல்லது, அலுமினியம் வேண்டாம். இது ஒரு வேளைக்கு. காலையில் ஒருமுறை, மாலையில் மறுபடி புதிதாக ஒருமுறை. காலையில் மொத்தமாகக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள் குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சித்த மருத்துவத்தில் சாறு, சுரசம், குடிநீர், கற்கம் ஆகியவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம். ஈரமும் மாவுச்சத்தும் சேர்ந்த இந்தத் தண்டில் பூஞ்சணம் பிடிப்பது எளிது. சரியாகக் காயாத துண்டுகளை டப்பாவில் அடைத்தால் உள்ளே சாம்பல் பூக்கும். அந்தத் துண்டுகளை வெயிலில் காட்டி மறுபடி பயன்படுத்தக் கூடாது. பூஞ்சண நஞ்சும் கல்லீரலைத்தான் தாக்கும்.

பச்சைத் தண்டா, காய்ந்ததா என்ற கேள்விக்கு ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறார். பொதுவாகக் காய்ந்த சரக்குக்குப் பதில் பச்சையாக எடுத்தால் அளவை இரட்டிக்க வேண்டும். ஆனால் குடூசி, ஆடாதோடை, தண்ணீர்விட்டான், அமுக்கரா முதலிய சிலவற்றை எப்போதும் பச்சையாகவே எடுக்கவேண்டும், அப்போது அளவை இரட்டிக்கவும் கூடாது என்பது அவர் விதி. பச்சைச் சாறு என்றால் வழக்கத்தில் 10 முதல் 20 மி.லி. போதும். கோப்பை நிறையக் குடிப்பதற்கு எந்த நூலிலும் ஆதாரம் இல்லை.

தண்டை ஊறவைத்து எடுக்கும் வெண்ணிற மாவான சீந்தில் சர்க்கரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதிகக் கலப்படம் நடப்பது அதில்தான். தோல் நீக்கிய பச்சைத் தண்டைச் சிறு துண்டாக்கி நன்றாக இடித்து, நான்கு மடங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து, துணியில் வடிக்க வேண்டும். வடித்த நீரை அசைக்காமல் நான்கைந்து மணி நேரம் வைத்தால் அடியில் வெண்மையான வண்டல் தங்கும். மேல்நீரை மெல்ல இறுத்துவிட்டு வண்டலை நிழலில் உலர்த்த வேண்டும். நூறு கிராம் தண்டுக்குச் சில கிராம்தான் கிடைக்கும். வண்டல் தங்குவதற்குள் அவசரப்பட்டு இறுத்தால் பாதி போய்விடும். உலர்த்த நாளாகிவிட்டால் புளித்துவிடும். இவ்வளவு உழைத்தும் இவ்வளவு குறைவாகக் கிடைப்பதால்தான் சோளமாவும் உருளைக்கிழங்கு மாவும் கூவைக்கிழங்கு மாவும் கலக்கப்படுகின்றன. அயோடின் சொட்டுவிட்டுப் பார்த்தால் கலப்படம் தெரியும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பயனற்ற சோதனை. உண்மையான சீந்தில் சர்க்கரையும் பெரும்பாலும் மாவுச்சத்துதான், அதுவும் கருநீலமாகத்தான் மாறும். மாவுமணிகளின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். கையில் வாங்கும் வாசகருக்குள்ள ஒரே காப்பு, உரிமம் பெற்ற மருந்தகத் தயாரிப்பை வாங்குவது. அளவு 1 முதல் 2 கிராம்.

இனி மாத்திரைகள். 500 மில்லிகிராம் என்று அட்டையில் இருப்பது வெறும் தூளா, வடித்தெடுத்த சத்தா என்று பாருங்கள். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுத்த சத்து என்றால் ஒரு மாத்திரை இரண்டரை கிராம் தண்டுக்கு ஈடு; பத்துக்கு ஒன்று என்றால் ஐந்து கிராமுக்கு ஈடு. விகிதம் அச்சிடாத சத்து மாத்திரையில் நீங்கள் எவ்வளவு சீந்தில் எடுக்கிறீர்கள் என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. இன்னொன்று: புட்டியில் வரும் சாறுகளில் பல, மருந்து உரிமத்தில் அல்லாமல் உணவுப் பொருள் உரிமத்தில் விற்கப்படுகின்றன. அவற்றில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரி இருக்கும் புட்டியை நோய்க்கு மருந்தாக எடுக்கக் கூடாது.

மேலே கபசுரக் குடிநீரைக் குறிப்பிட்ட காரணம் இதுதான். கொரோனா காலத்தில் ஒரே வீட்டில், ஒரே ஆள், காலையில் கபசுரக் குடிநீர், பகலில் சீந்தில் மாத்திரை இரண்டு, இரவில் புட்டிச் சாறு என்று எடுத்தது அரிதல்ல. மூன்றிலும் சீந்தில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. எதிலும் தனியாக அளவு மீறவில்லை, மொத்தத்தில் மீறியிருக்கும். அதைவிட முக்கியம், எதற்கும் முடிவுநாள் குறிக்கப்படவில்லை. அரசு பரிந்துரைத்தபோது அளவும் நாளும் சொன்னது. வாய்வழியே பரவியபோது அவை இரண்டும் உதிர்ந்துபோயின.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு என் பதில்: காய்ச்சலுக்கு என்றால் காய்ச்சல் இருக்கும் சில நாள். வேறெதற்கும், வைத்தியர் கண்காணிப்பு இல்லாமல், இரண்டு வாரத்தைத் தாண்ட வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு அறிகுறி வந்தது 46 நாளுக்குப் பிறகு என்பதை நினைவில் வைத்தால் இந்த எல்லை ஏன் என்பது புரியும். ரசாயனமாக, அதாவது உடலைத் தேற்றும் மருந்தாக, நீண்டகாலம் எடுக்கவேண்டிய நோய்கள் உண்டு. அப்போது தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், நான்காவது வாரத்தில் ஒருமுறையும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது சித்த, ஆயுர்வேத முறைக்கு எந்த வகையிலும் இழுக்கல்ல.

தொடவே கூடாதவர்கள் யார்? தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்கள் முதலில்: தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி, லூபஸ், ருமட்டாய்டு மூட்டுவாதம், ஹஷிமோட்டோ தைராய்டு போன்றவை. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள். மருந்து அடக்கப் பார்ப்பதை மூலிகை தூண்டும், பொருத்திய உறுப்பு நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு. கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்க வேண்டும். பெர்பெரின் பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் மஞ்சள் நிறமியை ஏற்றக்கூடியது என்பதால் பிறந்த குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது கூடாது.

மூட்டுவலிக்காரர்களைத் தனியே சொல்ல வேண்டும். மரபில் சீந்தில் மூட்டு வீக்கத்துக்கு உரியது. அதே மூட்டு வீக்கம் ருமட்டாய்டு வாதமாக இருந்து, அதற்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த மருந்தே கல்லீரலைச் சோதிப்பது. மேலே சீந்திலும் சேர்ந்து கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்த அளவு ஏறினால், சீந்திலைப் பற்றித் தெரியாத மருத்துவர் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவார். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து போய்விடும், பாதிப்புக்குக் காரணமானது வீட்டில் தொடரும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வேறு கவலை. சீந்தில் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது; கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதையும் சேர்த்தால் தாழ்சர்க்கரை வரலாம். காலையில் வெறும் வயிற்றில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்து, அளவு பார்த்து, சீந்திலை நிறுத்த வேண்டும். மூலிகை வேலை செய்கிறது என்று மகிழ்ந்து மாத்திரையைத் தாமாகக் குறைப்பவர்கள் சில வாரத்தில் இரு பக்கமும் இழப்பார்கள். அறுவைச் சிகிச்சை முடிவானால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவது பாதுகாப்பு.

கல்லீரல் பாதிப்பின் முதல் அடையாளம் மஞ்சள் கண் அல்ல. பசியின்மை, காரணமில்லாத அயர்வு, குமட்டல், வலது விலா அடியில் பாரம், உடம்பெங்கும் அரிப்பு, தேநீர் நிறச் சிறுநீர் ஆகியவை முன்னால் வரும். பிறகுதான் கண் மஞ்சளாகும். இந்த இடத்தில்தான் ஆபத்தான திருப்பம் நிகழ்கிறது. காமாலைக்குச் சீந்தில் நல்லது என்று படித்தவர், சீந்திலால் வந்த காமாலைக்கு மேலும் சீந்திலைக் குடிப்பார். அதிகம் குடிக்கக் குடிக்க மஞ்சள் கூடும். சீந்தில் எடுத்துக்கொண்டிருக்கும்போது காமாலை வந்தால், காரணம் எதுவென்று தெரியும்வரை சீந்திலை அன்றே நிறுத்த வேண்டும். நிறுத்தியவுடன் பெரும்பாலோருக்குப் படிப்படியாகச் சரியாகும். சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும். சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். குழப்பமான பேச்சு, பகலில் தூக்கம், ரத்தக் கசிவு, வயிறு வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. குணமான பின் "கொஞ்சமாக எடுத்துப் பார்க்கலாம்" என்று மறுபடி தொடங்குவது மிகத் தவறு. இரண்டாம் முறை முன்னைவிட வேகமாகவும் கடுமையாகவும் வரக்கூடும்.

ஆசிரியர் அவர்களிடம் வேண்டுவது ஒன்று. மூலிகைக் குறிப்பு வெளியிடும்போது தாவரப் பெயர், பகுதி, அளவு, கால எல்லை, விலக்கப்பட்டவர்கள் என்ற ஐந்தும் இல்லாத குறிப்பை அச்சிடாதீர்கள். இடம் போதவில்லை என்றால் பத்து மூலிகைக்குப் பதில் இரண்டைப் போடுங்கள். மருத்துவர்களும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்டால் நோயாளி இல்லை என்றுதான் சொல்வார், ஏனெனில் அவருக்குச் சீந்தில் மருந்தல்ல. "கஷாயம், பொடி, சாறு எதுவாவது குடிக்கிறீர்களா" என்று கேட்டால்தான் சொல்வார். அதைக் கடிந்துகொள்ளாமல் கேட்டால் புட்டியையும் கொண்டுவந்து காட்டுவார்.

பாதிப்பு நேர்ந்தால் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆயுஷ் மருந்துகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் திட்டத்தின் தேசிய ஒருங்கிணைப்பு மையம் புதுதில்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம். சித்த மருந்துகளுக்கு அதன் இடைநிலை மையம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். எந்த மருந்தின் பக்கவிளைவையும் தெரிவிக்க இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. பதிவு செய்யும்போது மீதமுள்ள தூள் அல்லது தண்டுத்துண்டு, அட்டையோடு கூடிய புட்டி, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, கூட எடுத்த மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டால், அது சீந்திலா கிரிஸ்பாவா என்ற கேள்விக்குப் பிறகு பதிலே கிடைக்காது.

இதைப் படிக்கும்போது ஆறு மாதமாகவோ ஓர் ஆண்டாகவோ சீந்தில் எடுத்துக்கொண்டிருக்கும் வாசகர் பதற்றப்பட வேண்டியதில்லை. இன்று நிறுத்துங்கள். இந்த வாரத்தில் ஒருநாள் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ், பிலிருபின் ஆகிய கல்லீரல் அளவுகளையும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் இயல்பாக இருந்தால், எந்த நோய்க்காகத் தொடங்கினீர்களோ அதற்கு மறுபடி தேவையா என்று பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் கேளுங்கள். எஸ்.ஜி.பி.டி. இயல்பு வரம்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தாலோ, பிலிருபின் ஏறியிருந்தாலோ, அறிக்கையையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு கல்லீரல் மருத்துவரிடம் அதே நாளில் போங்கள்.

இப்படிக்கு,
மூலிகை மருந்துப் பாதுகாப்பில் அக்கறையுள்ள வாசகர்